அடையாளம் கேட்ட பெண்

பிள்ளைகளே, பட்டினப்பாக்கத்தில் நம் மீன் கடைக்கு ஒருநாள் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். செல்போனில் குறும்படம் எடுக்கிறாளாம். ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் துப்பட்டாவால் லென்சைத் துடைத்தாள்.

“அங்கிள், உங்க அடையாளம் என்ன?”

“இன்னா அட்டை வோணும்? ஆதாரா, ரேஷனா?”

“ஐயோ, அட்டை இல்ல அங்கிள்! நீங்க யாரு, உங்க ஜனங்க யாருன்னு...”

“போன தபா வந்த ஆபீசரும் இத்தத்தான் கேட்டாரு. அப்புறம் பக்கத்துத் தெருவையே இடிச்சிட்டாங்க. கெளம்பும்மா!”

அவள் கோபப்படவில்லை. செல்போனை அணைத்துப் பையில் போட்டாள். “எடுக்கல அங்கிள். எனக்கு மட்டும் சொல்லுங்க” என்றாள்.

நான் குனிந்து மீன் செதிலைச் சுரண்டத் தொடங்கினேன். படம் எடுக்க வந்தவளுக்கு, படமில்லாமல் என் பேச்சு எதற்கு? இன்றும் புரியவில்லை.

அவள் போனதும் தனியாக வீட்டுக்கு வந்து, ரேஷன் கார்டை அரிசி டப்பாவுக்குள் ஆழமாகப் புதைத்து வைத்தேன்.