எந்த வாசல் வழியாகப் போனாலும்

சூளகிரியில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது செல்வி போன் செய்தாள். பல வருடம் எனக்குப் பக்கத்துத் தராசில் வேலை செய்தவள். "அக்கா, நம்ம கம்ப்யூட்டர் மேடம் போயிட்டாங்களாம். கெலமங்கலம் வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க" என்றாள். பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் ஓசூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

மேடம் நினைவாக ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பெனிக்காரர்கள் கூடுகிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் நான் எழுதாமல் விட்டால் அந்த லேபிள் விஷயம் உங்களுக்கு முழுசாகத் தெரியாமலே போய்விடும்.

ஓசூரில் அந்தப் பழைய கம்பெனி ஷெட்டில் பேக்கிங் பக்கம் இரண்டு தராசு இருந்தது. ஒன்றில் நான் பெரிய வாஷர், மற்றதில் செல்வி சின்ன வாஷர். பெட்டியை வைத்துப் பட்டனை அமுக்கினால், உள்ளே எத்தனை என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு லேபிள் அடிக்கும். இரண்டு தராசுக்கும் சேர்த்து ஒரே பிரிண்டர். லேபிளின் மேலே ஒரு கோடு இருந்தால் என்னுடையது, இரண்டு கோடு இருந்தால் செல்வியுடையது. அதற்குக் கீழே இங்கிலீஷில் என்ன இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. கிழிப்போம், ஒட்டுவோம்.

லேபிள் அடிக்கும் புரோகிராமை எழுதியவர்தான் நம்ம கம்ப்யூட்டர் மேடம், வசந்தி மேடம். வீட்டில் தெலுங்கு, முதலாளியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, பெர்மனென்ட்டும் ஆகவில்லை.

பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. லேபிளில் ஒன்று, உள்ளே வேறு. இரண்டு முறையும் என் பெட்டி. இரண்டாம் முறை சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "படிக்கத் தெரியாததை லேபிள் ஒட்ட வச்சா வேற என்னா ஆகும்? இன்னொரு பெட்டி திரும்பி வரட்டும், இந்தம்மா வீட்டுலயே உக்காந்துக்கலாம்." லேபிளில் இருந்த இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உண்மைதானே. வீட்டுக்காரர் போன பிறகு என் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஒரு வேலையால்.

மறுநாள் மேடம் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து எனக்கும் செல்விக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். இரண்டாம் நாள் மத்தியானம், "ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்குங்கக்கா" என்றார்.

"ஒண்ணான்னா?"

"ஒரே நேரத்துல. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

லேபிள் சரியாகத்தான் வந்தது. மறுபடி அமுக்கச் சொன்னார். மறுபடியும். "மேடம், கபடிக்கு ஆள் எடுக்கிறீங்களா?" என்று செல்வி சிரித்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ வந்ததைக் கிழித்துப் பார்த்தவர் எங்கள் முன்னால் நீட்டினார். மேல்பாதி என்னுடையது. கீழ்ப்பாதி செல்வியுடையது.

"அக்கா, நீங்க தப்பா ஒட்டல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

இதை எங்களோடு முடித்திருக்கலாம். அவர் முதலாளியைக் கையோடு கூட்டி வந்தார். பேக்கிங் பக்கம் ஓர் ஆணி இருந்தது, அதில் ஒரு பித்தளை டோக்கன் தொங்கும். பாத்ரூம் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஆணி காலியாக இருந்தால் அடுத்தவள் காத்திருக்க வேண்டும். மேடம் அந்த ஆணிக்கு முன்னால் முதலாளியை நிறுத்தினார்.

"சார், கம்ப்யூட்டருக்குள்ளயும் ரெண்டு பேரு இருக்காங்க. தராசுக்கு ஒரு புரோகிராம். இவருக்குக் கொஞ்ச நேரம், அவருக்குக் கொஞ்ச நேரம்னு கம்ப்யூட்டர் மாத்தி மாத்தி விடும். ஒருத்தர் பாதி லேபிள் அடிச்சிட்டிருக்கும்போதே அடுத்தவர் முறை வந்துட்டா, அவரும் அதே லேபிள்ல நுழைஞ்சு அடிச்சிடறார். நடுவுல நான் இது மாதிரி ஒரு டோக்கன் வச்சிருக்கணும். டோக்கன் கைல இருந்தாதான் பிரிண்டரைத் தொடலாம், இல்லன்னா தூங்கிட்டே காத்திருக்கணும். செமஃபோர்னு பேரு. படிச்சு, பரீட்சையிலயும் எழுதிருக்கேன். இங்க வைக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது, இவங்களோடது இல்ல."

செல்வி என் காதில், "பாத்ரூம் டோக்கனுக்கு இங்கிலீஷ்ல இவ்ளோ பெரிய பேரா?" என்றாள்.

முதலாளி சிரிக்கவில்லை. "ஒரு வாரம் பார்ப்பேன். சரியாகலன்னா நீங்க ரெண்டு பேருமே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னோடு சேர்ந்து மேடம் வேலையும் தொங்கியது.

மேடம் புரோகிராமுக்குள் டோக்கன் வைத்தார். மூன்று நாள் ஒரு லேபிளும் கலக்கவில்லை. நாலாம் நாள் இரண்டு தராசும் செத்தது போல நின்றன. எத்தனை அமுக்கினாலும் ஒன்றும் வரவில்லை. மேடம் முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு என் பழைய கூத்து ஒன்று ஞாபகம் வந்தது. சேர்ந்த புதிதில் ஒருநாள் டோக்கனை இடுப்பில் சொருகிக்கொண்டு போனவள், வயிற்று வலி தாங்காமல் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். டோக்கன் வரும் வரும் என்று ஷிப்ட் முடியும்வரை ஒருத்தியும் நகரவில்லை. மறுநாள் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

"மேடம், சொன்னா சிரிக்கக் கூடாது" என்றேன்.

"சொல்லுங்கக்கா."

"உங்க டோக்கனை யாரோ இடுப்புல சொருகிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. "நிக்கிறதுக்கு முன்னாடி என்னா ஆச்சு?"

"லேபிள் ரோல் தீந்துச்சு. வேற மாட்டினேன்."

துள்ளி எழுந்தார். ரோல் தீர்ந்ததும் என் தராசின் புரோகிராம் வேலையைப் பாதியில் விட்டு வேறு வழியாக வெளியேறியிருக்கிறது, டோக்கனோடு. மற்றதெல்லாம் அதற்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. "வேலை முடிஞ்சு போற வழியில டோக்கனைத் திருப்பி மாட்டச் சொன்னேன், பாதியில ஓடுற வழியில சொல்லலையேக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சரிசெய்தார். அதற்குப் பிறகு லேபிள் கலந்து ஒரு பெட்டியும் திரும்பவில்லை. என் வேலையும் மேடம் வேலையும் தப்பின. கண்டுபிடித்தது அக்காதான் என்று முதலாளியிடமே சொன்னார். புதிதாக யார் வந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை உங்களுக்கு நினைவிருக்கும்: "எந்த வாசல் வழியா போனாலும் டோக்கனை மாட்டிட்டுத்தான் போகணும்."

இரண்டு மாதம் முன்பு, மேடத்துக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டுக் கெலமங்கலம் போய்ப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். அவர் இடத்துக்கு வந்த பெண்ணை வீட்டுக்கே வரவழைத்து, மூன்று வாரமாக ஒவ்வொரு புரோகிராமாக ஒப்படைத்திருக்கிறார். "இந்த உடம்போட எதுக்கு மேடம்?" என்றேன். "எல்லாம் குடுத்துட்டேன்க்கா. எனக்காக அங்க யாரும் காத்து நிக்க மாட்டாங்க" என்றார். அழுதுகொண்டு வரவில்லை நான். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி.

கலந்து வந்த அந்த லேபிளை அன்றே என்னிடம் கொடுத்திருந்தார். யாராவது கேட்டால் காட்டுங்கள் என்று, கீழே பேனாவால் தமிழில் எழுதி: "இது என் தப்பு. வசந்தி." ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். மையில்லாமல் சூட்டிலேயே எழுத்து விழும் காகிதம் அது, நாளானால் மங்கிவிடும். பிரிண்டர் அடித்ததெல்லாம் வெளுத்துப் போய்விட்டது. பேனா எழுத்து அப்படியே இருக்கிறது.

இப்போது சூளகிரியில் ஒரு லைனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சாவுக்குப் போய்வந்த மறுநாள், ஒரு புதுப்பெண்ணின் பெட்டியில் எண்ணிக்கை தப்பியது. சூப்பர்வைசர் அவள் பெயரை எழுத நோட்டைத் திறந்தார். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. "ரெண்டு நாள் பொறுங்க சார்" என்றேன். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.