சார் சட்டையில என் கை எண்ணெய்

வாங்க தம்பிகளா, நல்லா இருக்கியளா? அந்தக் கண்ணாடி போட்ட பாப்பா வரலையா? இங்கன கல்லுல உக்காருங்க. தண்ணி கூடுதலா விழுதுன்னு அருவிக்கு முன்னால கயிறு கட்டிட்டாவ. இப்போதைக்கு விட மாட்டாவ.

உங்க பேராசிரியர் போன சேதிய எனக்கு யாரும் சொல்லல. எண்ணெய் வாங்கத் தென்காசிக்குப் போனேன். செவத்துல அவரு போஸ்டரு. எனக்கு எழுத்து தெரியாது, மொகம் தெரியும்லா. "இது என்ன, பாராட்டு விழாவா?"ன்னு கடைக்காரர்ட்ட கேட்டேன். "செத்துட்டாரு வே"ன்னாரு. எண்ணெய் வாங்காமலே பஸ் ஏறிட்டேன்.

ஏழு வருசமா சனிக்கெழம சனிக்கெழம இந்தக் கல்லுலதான் உக்காருவாரு. முதுகுவலி, நான்தான் எண்ணெய் தேய்ச்சு விடுவேன். "மெதுவா வே, நான் என்ன புரோட்டா மாவா?"ம்பாரு. புரோட்டான்னா செங்கோட்டை ரோட்டுல ஒரு கடை இருந்துச்சு பாருங்க... சரி, அது கெடக்கட்டும்.

ஒருநாள் கேட்டேன், "லேபுல என்னதான் சார் பாக்குதிய?"

"செல்லுக்குள்ள ரூம் ரூமா இருக்கு வே. எந்த ரூம்ல எந்தப் புரோட்டீன் எதோட சேருதுன்னு பாக்குதேன். உள்ள எட்டிப் பாக்க முடியாது. ஒடைச்சா எல்லாம் கலந்துபோவும்."

நான் தேய்ச்சுக்கிட்டே சொன்னேன்: "என்னைய மாதிரி கையெல்லாம் எண்ணெயா ஒருத்தன அந்த ரூமுக்குள்ள விடுங்க. கிட்ட வந்தவன் மேலெல்லாம் ஒட்டும். அப்புறம் அந்த ரூம் இருக்குத லாட்ஜையே இடிச்சாலும் எண்ணெய் பட்டவன மட்டும் பொறுக்கிரலாம்லா?"

சார் சடார்னு எந்திச்சாரு. "வே, நாங்க செய்யுதது இதேதான்! அடையாளம் ஒட்டுனத மட்டும் பிடிச்சு, துண்டாக்கி, மாஸ் மெஷின்ல எடை பாத்து, இன்னாரு இன்னாருன்னு சொல்லுவோம். இத ஊருக்குப் புரியுத மாதிரி சொல்லத் தெரியாமத்தான் முழிக்குதேன். காலேஜ் விழாவுல உம்ம பேரச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். நீரும் வரணும்."

போனேன். இஸ்திரி போட்ட சட்டை, கடைசி வரிசை. நீங்களும் இருந்திய. அவரு என்ன சொன்னாரு? "குற்றாலத்துல குளிக்கும்போது எனக்கு ஒண்ணு தோணிச்சு"ன்னு அந்த எண்ணெய்க் கதையச் சொன்னாரு. நீங்க கைதட்டுனிய. நானும் தட்டிட்டேன். அதான் இன்னும் பொறுக்கல.

அடுத்த சனிக்கெழம வந்தாரு. "கோவமா வே? உம்ம பேரச் சொன்னா, எண்ணெய் தேய்க்கவன் சொல்லித்தான் இவருக்கு வெளங்குதான்னு சிரிப்பானுவ"ன்னாரு. நான் துண்ட ஒதறிட்டு அடுத்த ஆளுக்குத் தேய்க்கப் போயிட்டேன். கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. காஞ்ச முதுகோட போனாரு. பொறவு பாக்கல.

துட்டி கேக்க அவரு வீட்டுக்குப் போனேன். வாசல்ல ஒருத்தர், "நீங்க யாரு?"ன்னாரு. செருப்பக் கழத்திட்டு நொழஞ்சேன். உள்ள பெரிய போட்டோ, மாலை. போட்டோவுல அவரு போட்டிருந்த வெள்ளைச் சட்டையில காலர் ஓரமா பழுப்புக் கறை. "எத்தன தடவ தொவைச்சாலும் போகல தம்பி, ஆனா இந்தச் சட்டையத்தான் போடுவேன்னு நிப்பாரு"ன்னு அவரு வீட்டம்மா அழுதாவ. அது நான் காச்சுன எண்ணெய். அந்த நெறம் இந்த அருவிக்கரையில வேற எவன்ட்டயும் கெடையாது.

கிட்ட இருந்தவன எண்ணெய் காட்டிரும்னு சொன்னேம்லா? அவரு மறைச்சத அவரு சட்டையே சொல்லுது. எனக்கு அவர்ட்ட மிச்சம் அந்தக் கறைதான். அதுக்காவ மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதிய. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. இனிமே பிள்ளையளுக்கு அந்த எண்ணெய்க் கதையச் சொன்னா, குளிக்கும்போது தோணிச்சுன்னு சொல்லாம...

"அண்ணாச்சி! கயித்த அவுத்தாச்சு, ஆளு வருது!"

இந்தா வாரேம்லே! கேட்டுக்கோங்க தம்பி, என் பேரு...