மகளைக் கேட்காமல் கொடுத்த ஒரு ஏக்கர்

சேவுகம்பட்டியில் நான் சம்பாதித்து வாங்கிய ஒரு ஏக்கரை, ஆதரவற்ற முதியோருக்கான இல்லம் கட்டக் கொடுத்தேன்.

"வீட்டுல கலந்து பேசிட்டீங்களா சார்? உயிலா எழுதி வச்சாக்கூடப் போதும்" என்றார் அதன் நிர்வாகி.

இல்லத்தின் கல்வெட்டில் என் பெயரை உயிரோடிருக்கும்போதே பார்க்க ஆசைப்பட்டேன். "என் நிலம், யாரைக் கேக்கணும்?" என்று தானப் பத்திரமாகவே பதிந்து கொடுத்தேன்.

அந்த நிலத்தில், கணவனை இழந்த என் மகள் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தாள். திண்டுக்கல்லில் இருந்த நான், நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு அவள் பூ அனுப்புவதைப் பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தேன். அவளுக்கு அதுதான் சோறா என்று நான் கேட்டதுமில்லை. பத்திரம் பதிந்த பிறகுதான் அவளிடம் சொன்னேன்.

"ஏம்ப்பா, இம்புட்டு வருசமா நான் தண்ணி பாய்ச்சுனது உங்க கண்ணுல படவே இல்லையா?"

மறுநாளே வக்கீலிடம் ஓடினேன். கொடுத்ததைத் திரும்ப வாங்க வழியில்லை என்றார். செடிகளைப் பிடுங்கினார்கள். இல்லம் நல்லபடியாக நடக்கிறது. என் மகள் அடுத்தவர் தோட்டங்களில் கூலிக்குப் பூப் பறிக்கிறாள்.

இப்போது அவளைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடுவதில்லை. எனக்கு மிச்சமிருக்கும் வீட்டை அவள் பெயருக்கு எழுதட்டுமா என்று மாதந்தோறும் போய்க் கேட்கிறேன்.

"அதையும் தானமாக் குடுத்துருங்கப்பா. இன்னொரு கல்லுல பேரு வரும்" என்கிறாள், பூப் பறித்துக்கொண்டே.