தலைகீழாகத் தெரிந்த சந்து

அறுபதுகளின் நடுவில், தாராவியில் எங்கள் சந்தில் மழைக்காலம் என்றால் தண்ணீர் வீட்டுக்குள் வரும் காலம். எல்லார் வீட்டுக்கும் வரும். என் வீட்டுக்கு முதலில் வரும், கடைசியில்தான் போகும். தோல் பதனிடும் ஷாப்புகளின் கறுப்புத் தண்ணீரும் மழைத்தண்ணீரும் கலந்து வாசற்படி ஏறும்போது நான் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருப்பேன். "அவ வாசல் ராசி அப்படி" என்று சந்தில் பேசிக்கொள்வார்கள். நானும் அதைத்தான் நம்பினேன்.

அந்த வருடம் ஆடியில் எனக்குப் பேறுகாலம். ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொள்ள அங்கே எனக்கென்று யாரும் இல்லை. பிள்ளையை எந்தத் தரையில் கிடத்துவது என்பதே என் யோசனை எல்லாம். அதனால் பங்குனியில், மழைத்தண்ணீர் போகக் கால்வாய் வெட்டப் போகிறார்கள், அளக்க ஓவர்சியர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெளியாட்கள் முன்னால் வந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான்.

அவர் மாட்டுங்காவிலிருந்து வந்த தமிழர். மூன்று கால் வைத்த ஒரு பித்தளைக் குழாய் வழியாகப் பார்த்துப் பார்த்து, கால்வாய் போக வேண்டிய வழியெல்லாம் சுண்ணாம்புப் பொடியால் புள்ளி வைத்தார். பெரிய இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை அவை அழியக் கூடாது என்று தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஆண்களிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் தலையாட்டினார்கள். வீட்டில் சொல்ல மறந்துவிட்டு, விடியுமுன்னே வேலைக்குப் போய்விட்டார்கள்.

காலையில் நாங்கள் வழக்கம்போல் வாசல் பெருக்கினோம், தண்ணீர் தெளித்தோம், கோலம் போட்டோம். அளந்து முடித்த புள்ளிக்கு இனி என்ன வேலை என்று நினைத்தோம். சிலர், வைத்த புள்ளியை ஏன் வீணாக்க வேண்டும் என்று அதைச் சுற்றியே கோலத்தை இழுத்துவிட்டார்கள்.

ஓவர்சியர் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "நேத்து வச்ச புள்ளியெல்லாம் எங்கேம்மா?"

எதிர்வீட்டு மதினிக்கு யாரிடமும் பயம் கிடையாது. "பாதி கோலத்துக்குள்ள இருக்கு சார். பாதி வாரியலோட போயிட்டு."

"எது என் புள்ளி, எது உங்க புள்ளின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"வளைஞ்சு போறதெல்லாம் எங்களோடது சார்."

சிரிப்பு வந்தது அவருக்கு. ஆனால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அளவுக் கம்பு பிடிக்கற ஆளைச் சுனாபட்டிப் பக்கம் வேற வேலைக்கு அனுப்பிட்டா. நாளைக்குப் பெரியவர் வரார். அடையாளம் இல்லேன்னா இந்தச் சந்தை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவார். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருடம் என்றதும் என் கை வயிற்றுக்குப் போனது.

"நான் பிடிக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்த பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

"ஏட்டி, நீ பேசுவியா?" என்றாள் மதினி. உடனே அவர் பக்கம் திரும்பி, "சார், கம்பு ஒண்ணுதான். பிடிக்கது ரெண்டு ஆளு. பாத்து எழுதிக்கிடுங்க" என்றாள்.

சந்தே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு கம்பை வாங்கினேன். என்னைவிட உயரமான கம்பு, உடம்பெல்லாம் கோடும் எண்ணும். அவர் தூரத்திலிருந்து கையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அசைப்பார். நேராக வந்ததும் கையை இறக்குவார், அந்த இடத்தில் புதுப் புள்ளி விழும். வாசல் வாசலாக நகர்ந்தேன். கை கடுத்தபோது மதினி வந்து கம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இவ்வளவு நேரம் நின்னீங்களே, ஒரு தடவை பார்க்கறீங்களா?" என்று ஓவர்சியர் கேட்டார். குழாயில் கண்ணை வைத்தேன்.

எங்கள் சந்து வானத்திலிருந்து தொங்கியது. தகரக் கூரைகள் கீழே, தரை மேலே. மதினி கால் மேலாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். கோலங்கள் தலைக்கு மேல் விரிந்திருந்தன. நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

"பயப்படாதீங்கோ. இந்தக் கண்ணாடியில அப்படித்தான் தெரியும். நடுவுல மெல்லிசா ஒரு கோடு இருக்கு பாருங்கோ."

மறுபடி பார்த்தேன். முடியைவிட மெல்லிய கோடு. அந்தக் கோடு ஏறாது, இறங்காது, எங்கே திருப்பினாலும் மட்டமாகவே நிற்கும் என்றார். தரைதான் அதற்குக் கீழே ஏறி இறங்குகிறது. பெரிய சாக்கடையான நாலாவின் பக்கம் சாய்வு என்று நாங்கள் நினைத்த சந்து, உண்மையில் என் வாசலை நோக்கி இறங்கிக் கிடந்தது. என் வாசலைத் தாண்டினால் ஒரு மேடு. அத்தனை வருடம் நடந்த கால்களுக்கு அது தெரியவில்லை. தண்ணீருக்குத் தெரிந்திருந்தது.

ராசி இல்லை, பள்ளம்.

"உங்க வாசல்லேருந்து மேட்டை ஆழமா வெட்டி நாலாவில சேர்க்கணும். வெளியில இருக்கற அடுப்புமேடை போயிடுமே. ஆத்துக்காரரைக் கேட்டுச் சொல்றீங்களா?"

"போட்டும் சார்" என்றேன். அன்று நான் பேசிய இரண்டாவது பேச்சு.

மறுநாள் எங்கள் சந்தில் யாரும் வாசல் பெருக்கவில்லை, கோலம் போடவில்லை. புதுப் புள்ளிகள் மட்டும் வெள்ளையாக இருந்தன. சாவு விழுந்த வீட்டில்தான் வாசல் அப்படிக் கிடக்கும். அடுத்த சந்துக்காரி ஒருத்தி பதறிப்போய், "எல்லா வாசலும் வெறிச்சுன்னு கெடக்கே, யாரு போனது?" என்று கேட்டாள்.

"வெள்ளம்தான் செத்துட்டு. பதினாறாம் நாள் சாப்பிட வா" என்றாள் மதினி.

பெரியவர் வந்தார், பார்த்தார், தலையசைத்தார். சித்திரையில் வெட்டினார்கள்.

ஆனியில் முதல் பெருமழை இறங்கியபோது செங்கற்களைக் கையருகே வைத்துக்கொண்டு வாசலுக்குள் உட்கார்ந்திருந்தேன். சந்தின் தண்ணீர் முழுவதும், அவர் சொன்னபடியே, என்னை நோக்கி வந்தது. படிக்கு முன்னால் ஒரு சுழி சுழித்தது. பிறகு திரும்பி, அடுப்புமேடை இருந்த இடத்தில் இறங்கி, மேட்டை வெட்டிய கால்வாயில் இரைச்சலோடு போனது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு மழைக்குள் எங்கேயோ மட்டமாக நின்றுகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

உள்ளே பிள்ளை உதைத்தது. கையை ஊன்றி எழுந்தேன். கை வைத்த தரை காய்ந்திருந்தது.