எட்டு விரல் கணக்கு

கட்டை விரல் இரண்டையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மற்ற எட்டு விரல்களையும் முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஏணியக்கா. சாப்பாட்டு டப்பா இன்னும் திறக்கவில்லை. இடது சுண்டுவிரல் நூற்றிருபத்தெட்டு, அடுத்தது அறுபத்துநான்கு, அதற்கடுத்தது முப்பத்திரண்டு. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து வலது சுண்டுவிரலுக்கு வரும்போது வெறும் ஒன்று. எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் இதைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவுக்குக் கையில வாதமா?" என்று என்னிடம் விசாரித்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் டாக்டர்.

வாதமெல்லாம் இல்லை. கோளாறு முட்டியில். பன்னிரண்டு வருஷமாக ஏணி மேல் நின்று, கூரைப் பலகையைத் தள்ளி, தலையை உள்ளே விட்டு, வார்டு வார்டாக நெட்வொர்க் கேபிள் இழுத்தவர். "ஒயருக்கு வழி தெரியும், இழுக்கறவளுக்குத்தான் தெரியாது" என்பார், தலைமுடியெல்லாம் தூசியோடு. இனிமேல் ஏணியில் கால் வைத்தால் நடையே போய்விடும் என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மிச்சமிருப்பது நெட்வொர்க் அறையில் ஒரு நாற்காலி, இல்லாவிட்டால் வீடு. நாற்காலிக்கு ஒரு பரீட்சை உண்டு. மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு முறை போய்விட்டது.

ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர், செல்போன் வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டார். நான் பக்கத்து அறையில் நோயாளிகளின் கோப்புகளை மேய்க்கிறவன். ஐ.பி. முகவரி என்றால் எனக்கு என்ன தெரியும்? அக்காதான் சொன்னார். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கதவு எண், அவ்வளவுதான். அந்த எண்களைத் தெருத்தெருவாகப் பிரித்தால் அதற்கு சப்நெட் என்று பெயர். தெருவின் அளவு இரட்டிப்பாகத்தான் போகும்: பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு.

"ஆனா எல்லாத்துலயும் குடிவைக்க முடியாது தம்பி. முதல் நம்பர் தெருவோட பேரு. கடைசி நம்பர் மொத்தத் தெருவையும் ஒரே சத்தத்துல கூப்பிடறதுக்கு. ரெண்டையும் கழிச்சுட்டுத்தான் ஆள் வைக்கணும்."

எனக்கே புரிகிற மாதிரி சொல்பவர், பரீட்சையில் அந்த இரண்டைத்தான் மறந்தார். எத்தனை மெஷினுக்கு எவ்வளவு பெரிய தெரு என்பதுதான் கேள்வி. முதல் முறை முப்பத்தொரு மெஷினுக்கு முப்பத்திரண்டு எண் தெரு போட்டார். இரண்டாம் முறை பதினைந்துக்குப் பதினாறு. வேறு எண், அதே பள்ளம். "ஒரு மெஷினு நடுத்தெருவுல நிக்குதேம்மா" என்று நெட்வொர்க் அதிகாரி சிரித்தாராம். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் கேபிள் சுருளைத் தூக்கினார்.

அன்றைக்குத்தான் கட்டை விரல்களுக்கு வேலை கிடைத்தது. "இந்த ரெண்டு தடியனுங்கதான் அந்த ரெண்டு. எண்ணிக்கையில சேர மாட்டானுங்க. ஆனா இறுக்கி மடக்கினா உள்ளங்கையில நகம் குத்தும். குத்துனா, ரெண்டக் கழிடின்னு அர்த்தம்." நகத்தை வெட்டாமலே விட்டுவைத்திருக்கிறார்.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அக்காவின் கை மாவில் இருக்கும் நேரத்தில் கணக்குக்கு அவருடைய விரல்கள்தான். மடக்க மறந்தால் அதட்டல் விழும். அழைத்துப்போக வந்த ஒரு நாள் மனுஷன் என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கப் போனாலும் கட்டை விரல் தானாக மடங்கிக்கொள்கிறதாம். சொல்லிவிட்டு அக்காவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவருடைய நொண்டல் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு போனார்.

கேன்டீனில் அப்படி உட்கார்ந்திருந்ததற்கு மறுநாள் காலை, மூன்றாவது பரீட்சை. எங்கள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர்தான். பார்க்கலாம், கேட்காது. அதிகாரி பலகையில் 63 என்று எழுதினார். அக்கா கால் நீட்டி உட்கார்ந்தபடி விரல்களை நிமிர்த்தினார். வாய் முணுமுணுத்தது. பிறகு இரண்டு கையையும் இறுக்கி மூடினார், மூடியபடியே வெகுநேரம் இருந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், 63-க்குப் பக்கத்தில் 128 என்று எழுதினார்.

போச்சு, அறுபத்துநான்கு போதுமே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. இரண்டைக் கழித்தால் அறுபத்திரண்டு. ஒரு மெஷின் நடுத்தெருவில் நிற்கும்.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. நான் கோப்புகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். என் எதிரே வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். எட்டு விரலும் மடங்கியிருந்தன. கட்டை விரல் இரண்டு மட்டும் நிமிர்ந்து நின்றன.