மாப்பிள்ளை கேட்ட சாட்சி

என் மாப்பிள்ளைக்குத் தெருவில் வைத்த பெயர் டெஸ்டர். எலக்ட்ரீஷியன் என்பதற்காக மட்டும் வந்த பெயர் இல்லை அது. யார் எதைச் சொன்னாலும் "அப்படியா? பாத்துடுவோம்" என்பார். பார்க்காமல் விடவும் மாட்டார். தண்ணீரே கலக்கவில்லை என்று பால்காரர் சத்தியம் செய்தால், ஒரு சொட்டை நகத்தின் மேல் விட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் "ஐயோ பாவம்" எல்லாம் அப்புறம்தான், முதலில் தெர்மாமீட்டர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் இவர் கரண்ட் இருந்தால் மினுக்குகிற டெஸ்டர் வைத்திருப்பார். கல்யாணப் போட்டோவிலும் அது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டுச் சுவிட்சு போர்டு புகைந்தபோதுதான் அவர் என் மகளைப் பார்த்தார். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்தார், அவள் டார்ச் பிடித்தாள். போகும்போது என் வீட்டுக்காரரிடம், "இத்தன வருஷத்துல டார்ச்ச ஆட்டாம பிடிச்ச ஒரே ஆளு உங்க பொண்ணுதாங்க" என்றார். அதற்கப்புறம் எங்கள் வீட்டு போர்டு அடிக்கடி கெட்டுப்போனது. எப்படிக் கெட்டது என்று நானும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் போனபின் அவர்கள் இரண்டு பேரும் என்னைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் மூத்த மகனின் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால்தான் வீட்டில் சத்தம். நான் காலையில் எழுந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக் கடவுளோடு கொஞ்சம் பேசுவேன். எனக்கு எழுத்துத் தெரியாது, புத்தகம் பார்த்துச் சொல்கிற வழக்கமெல்லாம் இல்லை. வாயில் வந்ததைப் பேசுவேன், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் எதிரே மாப்பிள்ளை டம்ளரோடு நிற்பார்.

"என்ன அத்த, லைன் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அந்தப் பக்கம் யாரு எடுத்தது?"

"எடுக்க வேண்டியவர்தான். உங்க மாப்பிள்ள இன்னும் திருந்தலையான்னு விசாரிச்சார்."

"என் பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காரா? பரவாயில்லையே."

நானும் விடமாட்டேன். கண்ணுக்குத் தெரியாத கரண்ட்டை நம்புகிறீர்களே, கடவுளை நம்பினால் என்ன குறைந்துபோகும் என்று கேட்பேன்.

"கரண்ட்ட நான் நம்பல அத்த. தொட்டா அடிக்குது, அதனால ஒத்துக்கறேன். உங்க ஆளையும் ஒருதடவ அடிக்கச் சொல்லுங்க."

"அடிக்காம விட்டு வச்சிருக்கறதுதான் அவரோட பெரிய மனசு."

என் மகள் துடைப்பத்தோடு நடுவில் வந்து நிற்பாள். "ரெண்டு பேரும் கால தூக்குங்க. கடவுள் இருக்காரா இல்லையாங்கறது அப்புறம். குப்பை இருக்கு." நாங்கள் இருவரும் ஒன்றாகக் காலைத் தூக்குவோம்.

வீட்டுச் சண்டை. யாருக்கும் வலித்ததில்லை.

அவள் ஒரு துணிக் கம்பெனியில் கட்டிங் மேசையில் வேலை செய்தாள். ஒருநாள் முற்பகலில் தலை வலிக்கிறது என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டு, கத்தரியைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு, அப்படியே சரிந்தாள். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். மாப்பிள்ளை ஏதோ கட்டடத்தில் ஏணி மேல் இருந்தவர், ரப்பர் கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். தலையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை. மூச்சை மெஷின் விட்டது.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். நான் போனால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். கடவுளிடம் கெஞ்சுவேன், சண்டை போடுவேன். மாப்பிள்ளை போனால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளோடு பேசுவார். வெளியே இருந்து பார்த்தால் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரியும். எந்த வீட்டில் எந்த ஃபேன் கத்துகிறது, எவன் மட்டமான ஒயரை வாங்கி மாட்டச் சொல்கிறான், சைக்கிள் கடைக்காரர் என்ன சொன்னார், எல்லாம். சாயங்காலம் வேலை விட்டு வந்து சொல்கிற அதே கதைகள். நடுவில் நிறுத்திக் கொஞ்சம் இடமும் விடுவார், அவள் வழக்கமாகத் திட்டுகிற இடத்தில்.

டாக்டர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். தினமும் வந்து அவள் கண்ணில் சின்ன டார்ச் அடித்துப் பார்ப்பார். நகத்தை அழுத்திப் பார்ப்பார். மாப்பிள்ளை அந்த டார்ச்சையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்காமல், "மேடம், அது சரியாத்தான் எரியுதா?" என்று கேட்டேவிட்டார். டாக்டரம்மா கோபப்படவில்லை. திரும்பி அவர் கண்ணிலேயே அடித்தார். மாப்பிள்ளைக்குக் கண் கூசிவிட்டது. "மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

அப்போதுதான் நான் கேட்டேன், "மாப்பிள்ள, அவளுக்குக் கேக்குதா?"

"தெரியாது அத்த."

"அப்புறம் எதுக்குப் பேசறீங்க?"

கையை எடுக்காமலே சொன்னார். "எங்க தொழில்ல ஒண்ணு இருக்கு. டெஸ்டர் எரியலன்னா ஒயர்ல கரண்ட் இல்லன்னு முடிவு கட்டிடக் கூடாது. டெஸ்டர் போயிருக்கலாம். எரிஞ்சாலும் எரியாட்டியும், கரண்ட் இருக்குன்னு நெனச்சேதான் கைய வைக்கணும். அவளுக்குக் கேட்டுக்கிட்டே இருந்து, நான் பேசாம வந்துட்டேன்னா?"

வேறு ஒரு நாளாக இருந்தால் நான் துள்ளியிருப்பேன். மாட்டிக்கொண்டீர்களா என்று கேட்டிருப்பேன். நான் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்வதும் இதைத்தானே. வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவரே புரிந்துகொண்டு, "ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. அவள நான் பாத்திருக்கேன். அவளோட குடும்பம் நடத்தியிருக்கேன்" என்றார். அதுவும் நியாயம்தான்.

பிறகு ஒரு மத்தியானம் டாக்டரம்மா எங்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இனித் தேற வழியில்லை, மெஷின் அவளைப் பிழைக்க வைக்கவில்லை, முடிவைத் தள்ளிப் போடுகிறது, அவ்வளவுதான். மெஷினை எடுத்துவிட்டு அமைதியாக அனுப்பலாம் என்பது டாக்டர்கள் யோசனை. ஆனால் அவளுடைய வீட்டுக்காரர் சரி என்று சொல்ல வேண்டும். அவசரம் இல்லை, யோசியுங்கள் என்றார்.

ஊர் உலகமெல்லாம் நினைத்தது ஒன்று. டெஸ்டர் கணக்குப் பார்க்கிற ஆள், சரி என்பார். மாமியார் சாமி சாமி என்று சொல்கிறவள், அற்புதம் நடக்கும் என்று மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். நடந்தது தலைகீழ். நான் சரி என்றேன். அவர் முடியாது என்றார்.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. அந்தப் பெண்ணைச் சுமந்தவள் நான். அவள் உடம்பு வீங்கி, வாயோரம் குழாய் அறுத்துப் புண்ணாகி, முதுகில் சதை அழுகத் தொடங்கியிருந்தது. நர்ஸ் அவளைப் புரட்டும்போது நான் பார்த்தேன். போதும் என்று இருந்தது. அவளை விட்டால் ஒருவர் கையில் போய்ச் சேருவாள் என்று நான் நம்பினேன். அதனால் என்னால் விட முடிந்தது. மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் கை எதுவும் இல்லை. அவர் விட்டால் அவள் விழுந்துகொண்டே இருப்பாள்.

அவருடைய அக்கா வெளியூரிலிருந்து வந்திருந்தார். நல்ல மனுஷி, தம்பி நாளுக்கு நாள் கரைவதைப் பார்க்கத் தாங்கவில்லை. என்னைக் குழாயடிப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய், "நீங்க ஒண்ணு பண்ணுங்கம்மா. அவ உங்க கனவுல வந்து, என்ன விட்டுடச் சொல்லும்மான்னு கேட்டான்னு அவன்கிட்ட சொல்லிடுங்க. ஒரு பொய். ரெண்டு உயிருக்கும் நிம்மதி" என்றார்.

"கனவுல வரலையே அவ."

"அது உங்களுக்கும் எனக்கும்தான தெரியும்?"

நான் எத்தனையோ பொய் சொன்னவள்தான். வாடகை கேட்டு வந்தவரிடம் மாப்பிள்ளை வீட்டில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், அவர் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருக்க. ஆனால் இதில் முடியாது என்றேன். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு சாட்சி கேட்டார். அதைப் போலியாகச் செய்து கையில் கொடுத்தால் அவரையும் ஏமாற்றியதாகும், நான் தினமும் பேசுகிறவரையும் ஏமாற்றியதாகும். அக்காவுக்குக் கோபம். "பிடிவாதம் பிடிக்கிற வயசா இது?" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

நான் மாப்பிள்ளையிடம் நேராகவே போனேன். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அவள விட்டுடுங்க மாப்பிள்ள. கடவுள் பாத்துக்குவார்."

அவர் திரும்பிய வேகத்தில் நான் ஒரு அடி பின்னால் போனேன். எங்கள் வீட்டுச் சண்டையில் கேட்டறியாத குரல் அது.

"அப்படி ஒருத்தர் இருக்கார்ங்கறதுக்கு ஒரு சாட்சி காட்டுங்க அத்த. பெருசா வேணாம். டெஸ்டர்ல கொஞ்சமா மினுக்குமே, அவ்வளவு போதும். காட்டுங்க. இப்பவே உள்ள போய்ச் சரின்னு சொல்லிடறேன். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனசுக்குள் தேடிப் பார்த்தேன். அறுபது எழுபது வருஷத்துப் பேச்சில் ஒன்றாவது அகப்படாதா என்று. நான் கேட்டுக் கிடைத்ததெல்லாம் கேட்காமலும் கிடைத்திருக்கும். கிடைக்காததற்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"என்கிட்ட இல்ல மாப்பிள்ள."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப இத்தன வருஷமா எதை வச்சுக்கிட்டு என்னோட மல்லுக்கு நின்னீங்க?"

"ஒண்ணும் வச்சுக்காமத்தான்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகப் போனது. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். மாமியார் மாப்பிள்ளை என்கிற கூச்சமெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ. நான் அவர் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றேன். நான் ஏதாவது ஒன்று கொடுத்திருக்கலாம், அக்கா சொன்ன அந்தப் பொய்யையாவது என்றுகூட அப்போது தோன்றியது. இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் அன்று தோன்றியது.

அடுத்த சில நாளில் அவளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. ரத்தத்தில் விஷம் ஏறுகிறது என்றார்கள். மாப்பிள்ளை உள்ளே போய் வழக்கம்போல் ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்று கையை ஆட்டவில்லை. வாயும் அசையவில்லை. அவள் காலைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்தார்.

"டாக்டர்கிட்ட சரின்னுட்டேன் அத்த."

நான் தலையாட்டினேன்.

"எனக்கு உங்க ஆளத் தெரியாது. நான் கூப்பிட்டா பொய்க்குக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும். உங்களுக்குப் பழக்கம்." கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அவ புது இடம்னா வாயே திறக்கமாட்டா. கல்யாணம் ஆகி எங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்ப பசிக்குதுன்னுகூடச் சொல்லாம உட்காந்திருந்தா. எதிர்ல இருக்கறவங்கதான் முதல்ல பேசணும். அத மட்டும் சொல்லிடுங்க. இருந்தா கேட்டுக்கட்டும்."

அன்றைக்கு மட்டும் எங்கள் இருவரையும் சேர்த்து உள்ளே விட்டார்கள். மெஷினை எடுத்தார்கள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடினேன். எப்போதும் கண்ணை மூடியதும் யாரோ எதிரே உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நினைப்பு வரும். அன்று வரவில்லை. இமைக்குள் வெறும் இருட்டு, வேறு ஒன்றும் இல்லை. காலியான வீட்டுக்குள் குரல் கொடுப்பதுபோல இருந்தது. மாப்பிள்ளை வாழ்நாளெல்லாம் பார்த்தது இதைத்தானா என்று நினைத்தேன். பயந்தே போனேன். திரும்பி வந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் அவர் என்னை நம்பி ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். போன இடத்தில் ஆளில்லை என்று நானே முடிவு கட்டி எடுத்துக்கொண்டு திரும்ப முடியுமா? அந்த இருட்டைப் பார்த்தே சொன்னேன். அவள் புது இடத்தில் பேசமாட்டாள், நீங்களாக முதலில் பேசுங்கள் என்றேன். இரண்டு தரம் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் கலைந்தபின், கால் நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தவர் கேட்டார்.

"சொன்னீங்களா அத்த?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

அந்த நேரத்திலும் என்னால் கூட்டிச் சொல்ல முடியவில்லை. "எங்கிட்ட ஒண்ணும் பேசல மாப்பிள்ள."

கிண்டல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்ககிட்ட பேசாட்டிப் போகட்டும்" என்றார். "அவகிட்ட பேசினாப் போதும்."