வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன்

நாலு வருஷத்துக்கு முன்பு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி ஒரு காலையில் சுருண்டு படுத்துக்கொண்டான். “எக்கா, விதையில வலி உயிர் போவுது. வீங்கிக்கிட்டே வருது” என்றான். அம்மா இல்லாத வீடு. என்னை விட்டால் அவன் வேறு யாரிடம் சொல்வான்?

தச்சநல்லூரிலிருந்து டவுண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கேட்டபோது, சுற்றி ஆட்கள் நின்றதால் கூசிப்போய், “வயித்து வலி” என்று நானே சொல்லிவிட்டேன். அவனும் தலைகுனிந்து இருந்தான். புதிதாக வந்திருந்த மெஷினில் வயிற்றை ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் வீக்கம் இரண்டு மடங்கானது. திரும்ப ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். உடனே விதைப்பையை ஸ்கேன் எடுத்தார்கள். விதை முறுக்கிக்கொண்டு, அதற்குப் போகும் ரத்த ஓட்டமே நின்றிருந்தது. “நேத்தே இடத்தைச் சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமேம்மா” என்றார் டாக்டர். அந்த விதையை எடுக்க வேண்டியதாயிற்று.

மற்றது நன்றாக இருக்கிறது, கல்யாணத்துக்குத் தடையில்லை என்றார்கள். ஆனாலும் வந்த வரன்களையெல்லாம் தம்பி தட்டிக்கழிக்கிறான். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாலும், வலிக்கும் இடத்தை அதன் பெயர் சொல்லியே டாக்டரிடம் சொல்கிறேன். கூச்சம் இன்னும் போகவில்லை. கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.